நொடிக்கு 15 விகலை: விண் ஒளிப்படக் கருவிகளை எங்கிருந்து புரிந்துகொள்வது

விண் ஒளிப்படம் எடுக்க ஆசைப்படும் ஒருவர் முதலில் கேட்பது, "எந்தத் தொலைநோக்கி நல்லது?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தத் தொலைநோக்கியை எது சுமந்து திருப்பப் போகிறது? காரணம் எளிய கணக்கிலேயே இருக்கிறது.

நட்சத்திரங்களை வைத்து அளந்தால் பூமி 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் வான நடுக்கோட்டை ஒட்டிய நட்சத்திரம் ஒவ்வொரு நொடியும் சுமார் 15 விகலை நகர்ந்துவிடுகிறது. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவின் அகலம் ஏறக்குறைய 1800 விகலை என்பதால், 15 என்பது மிகச் சிறிய நகர்வாகத் தோன்றும். ஆனால் கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்று கணக்கிட்டால் நிலைமை மாறிவிடும். பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206ஆல் பெருக்கி, லென்ஸிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ ஒளி குவியும் இடம் வரையுள்ள குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதால் வகுத்தால் அந்த விடை கிடைக்கும். இப்போது பரவலாக உள்ள 3.76 மைக்ரான் பிக்சலை 400 மி.மீ. குவியத் தூரத்தில் வைத்தால் பிக்சலுக்கு 1.94 விகலை. அதாவது ஒரே நொடியில் நட்சத்திரம் கிட்டத்தட்ட 8 பிக்சல் கடந்துவிடும். நெபுலா எனப்படும் விண்வெளி வாயு மேகங்களுக்கோ ஒரு படத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சில வேளை ஐந்து நிமிடம் ஒளி சேர்க்க வேண்டும். அவ்வளவு நேரமும் நட்சத்திரம் ஓரிரு பிக்சலுக்குள் நின்றாக வேண்டும். கையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் இந்த ஒரு தேவையைச் சுற்றியே அமைகிறது.

மவுண்ட்: பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடம்

தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் வேகத்துக்கு ஈடாகத் திருப்புகிற பகுதிதான் மவுண்ட். மேல் கீழாகவும் இடம் வலமாகவும் திரும்பும் சாதாரண மவுண்ட்டாலும் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடர முடியும். ஆனால் அந்த நட்சத்திரத்தைச் சுற்றிய படம் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். நடு நட்சத்திரம் புள்ளியாக இருக்க, ஓர நட்சத்திரங்கள் வளைகோடுகளாகிவிடும். பத்து இருபது நொடிப் படங்களில் இது தெரியாது. நிமிடக் கணக்கில் போனால் தப்பவே முடியாது. அதனால்தான் ஈக்குவடோரியல் மவுண்ட் தேவைப்படுகிறது. அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். அந்த ஒரே அச்சைச் சீரான வேகத்தில் திருப்பினால் போதும், வானம் படத்துக்குள் அசையாமல் நிற்கும்.

அச்சை இணையாக நிறுத்துவதுதான் போலார் அலைன்மென்ட். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் வழிகாட்டும். ஆனால் அது உண்மையான வான துருவத்தில் இல்லை, அரைப் பாகைக்கும் சற்று அதிகமாக விலகியே இருக்கிறது. துருவ நட்சத்திரத்தை நேராகக் குறிவைத்து மவுண்ட்டைப் பூட்டிவிட்டால், வானத்தின் சில பகுதிகளில் நிமிடத்துக்கு 10 விகலை வரை படம் வழுக்கும். மேலே சொன்ன 400 மி.மீ. கருவியில் அது 5 பிக்சல். பிழையை 5 கலைக்குள் கொண்டுவந்தால் வழுக்கல் நிமிடத்துக்கு 1.3 விகலையைத் தாண்டாது. ஒரு நிமிடப் படத்தில் அது கண்ணுக்கே தெரியாது. மவுண்ட்டின் அச்சோடு பொருத்திய சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பின் உள்ளே பொறித்த வட்டத்தில், அந்த நேரத்துக்கு உரிய இடத்தில் நட்சத்திரத்தை நிறுத்தினால் இந்த அளவை எட்டலாம். நேரத்தைக் கொடுத்தால் இடத்தைக் காட்டும் கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. தென் அரைக்கோளத்தில் வேலை கடினம்: அங்கே வழிகாட்டும் சிக்மா ஆக்டான்டிஸ் பிரகாச அளவில் ஐந்தாம் பருமனைவிட மங்கலானது, நகர வானில் கண்ணுக்கே அகப்படாது. அங்கே கேமராவால் படமெடுத்து, நட்சத்திர அமைப்பை மென்பொருளிடம் கொடுத்துத் திசையைக் கண்டுபிடிப்பதே சுலபம். வடக்கே இருப்பவர்களுக்கும் அதுவே துல்லியமான வழி.

அச்சு சரியாக நின்றாலும் பற்சக்கரம் முழுச் சீராகச் சுழல்வதில்லை. பெரிய பற்சக்கரத்தைத் திருப்பும் திருகு போன்ற புழுச்சக்கரத்தின் ஒரு சுற்று பெரும்பாலும் 8 முதல் 10 நிமிடம். அந்தச் சுற்றுக்குள் மவுண்ட் சிறிது முந்தும், சிறிது பிந்தும், மீண்டும் முந்தும். கேமராவைச் சுமக்கும் சிறிய மவுண்ட்டான டிராக்கரில் இந்த ஆட்டம் மொத்தம் 40 விகலை என்று வைத்துக்கொள்வோம். சுற்றின் மோசமான பகுதியில் 30 நொடிக்குள் ஏறத்தாழ 8 விகலை விலகல் வரும். 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 5.7 விகலை, ஆகவே விலகல் ஒன்றரை பிக்சல்கூட இல்லை, படம் நன்றாகவே இருக்கும். 400 மி.மீ. தொலைநோக்கியில் அதே விலகல் 4 பிக்சல், படம் வீண். மவுண்ட்டும் அதே, பிழையும் அதே. குவியத் தூரம் மட்டும்தான் மாறியது. தொடக்கத்தில் குவியத் தூரத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சுமைத் திறன் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தயாரிப்பாளர் 10 கிலோ என்று போட்டிருந்தால், கண்ணால் பார்ப்பதற்கு 10 கிலோ சரி. படமெடுக்க அதில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எடையோடு நீளத்தையும் பார்க்க வேண்டும்: ஒரே எடையுள்ள குட்டைக் குழாயும் நீளக் குழாயும் காற்றில் ஒன்றுபோல் ஆடாது. எடையைச் சமன்செய்யும்போது துல்லியமான நடுநிலையை விடக் கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக விடுவது வழக்கம். அப்போது பற்கள் எப்போதும் ஒரே பக்கம் அழுந்தி இருக்கும், இடைவெளிக்குள் தள்ளாடாது.

அண்மைக்காலமாக ஸ்ட்ரெயின் வேவ் அல்லது ஹார்மோனிக் எனப்படும் மவுண்ட்கள் பரவிவிட்டன. எதிர் எடை பெரும்பாலும் தேவையில்லை, தூக்கிச் செல்ல எளிது. ஆனால் அவற்றின் பற்பிழை, அதாவது மேலே சொன்ன முந்திப் பிந்தும் ஆட்டம், நல்ல புழுச்சக்கர மவுண்ட்டைவிட அதிகம், வேகமாகவும் மாறும். கைடிங் இல்லாமல் அவற்றை நீண்ட எக்ஸ்போஷருக்குப் பயன்படுத்த முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கைடிங் என்பது இரண்டாவது சிறு கேமரா ஒரு நட்சத்திரத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை படமெடுத்து, நட்சத்திரம் எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டு, மவுண்ட்டுக்குத் திருத்தம் அனுப்பும். நட்சத்திரத்தின் ஒளி மையத்தை ஒரு பிக்சலின் சிறு பின்னம் வரை மென்பொருள் கண்டுபிடித்துவிடும். ஆகவே 30 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சின்னஞ்சிறு கைடு ஸ்கோப்பே 400 மி.மீ. கருவிக்குப் போதும். பிஎச்டி 2 என்ற இலவச மென்பொருள்தான் இதற்குப் பெரும்பாலானவர்களின் தேர்வு. அது காட்டும் ஆர்எம்எஸ் பிழை, அதாவது சராசரி விலகல், உங்கள் ஒரு பிக்சல் பார்க்கும் விகலையைவிடக் குறைவாக இருந்தால் நட்சத்திரம் வட்டமாக வரும். வரைகோடு அழகாக இருந்தும் படத்தில் நட்சத்திரம் நீண்டிருந்தால், கைடு ஸ்கோப்புக்கும் தொலைநோக்கிக்கும் நடுவே ஏதோ ஒன்று வளைகிறது: தளர்ந்த திருகு, தொங்கும் கேபிள், ஆடும் ஃபோகஸர். குவியத் தூரம் ஆயிரம் மி.மீட்டரைத் தாண்டினால் இந்த வளைவு பெரிய தொல்லை. அங்கே தொலைநோக்கிக்குள் வரும் ஒளியிலேயே ஓரத்தில் ஒரு சிறு பட்டகத்தை வைத்து எடுக்கும் ஆஃப் ஆக்சிஸ் கைடர்தான் தீர்வு.

தொலைநோக்கி: பெரியதா, சின்னதா

பெரிய தொலைநோக்கி வாங்கினால்தான் தூரத்துப் பொருள் தெரியும் என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. ஆனால் பலரும் எடுக்க விரும்பும் பொருள்கள் சிறியவை அல்ல, மங்கலானவை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி வானத்தில் 3 பாகை நீளம், ஆறு முழு நிலவுகளை வரிசையாக வைத்த அளவு. கார்த்திகைக் கூட்டம் 2 பாகைக்கு அருகில், ஓரியன் நெபுலா ஒரு பாகை. பல சாதாரண கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாரை 400 மி.மீ. தொலைநோக்கியில் மாட்டினால் 3.4க்கு 2.2 பாகை கிடைக்கும். அதே சென்சாரை 2000 மி.மீ. கருவியில் மாட்டினால் முழு நிலவே உயரவாக்கில் அடங்காது.

தொடங்குபவருக்கு 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள சிறு ரெஃப்ராக்டரைத்தான், அதாவது லென்ஸால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியைத்தான், துணிந்து பரிந்துரைக்கலாம். எடை குறைவு, கண்ணாடிகளைச் சீரமைக்க வேண்டியதில்லை, குவியத் தூரம் 350 முதல் 500க்குள் நிற்கும். நிறச் சிதறலைக் குறைக்கும் ஈடி கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண இரட்டை லென்ஸ் நீல ஒளியை வேறிடத்தில் குவித்து, பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் போட்டுவிடும். மூன்று லென்ஸ் கொண்ட அப்போகுரோமாட் இன்னும் சுத்தம், இன்னும் கனம், விலையும் கூடுதல்.

ரெஃப்ராக்டரோடு சேர்த்தே வாங்க வேண்டியது ஃபீல்டு ஃபிளாட்டனர். லென்ஸ் உருவாக்கும் குவியத் தளம் வளைந்தது, சென்சார் தட்டையானது. ஆகவே நடுவில் நட்சத்திரம் கூர்மையாகவும் மூலைகளில் நீண்டும் இருக்கும். ஃபிளாட்டனர் இந்த வளைவை நேராக்குகிறது. ஆனால் அதன் பின்புறத்திலிருந்து சென்சார் வரை குறிப்பிட்ட தூரம் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் 55 மி.மீ. இந்த எண் கேமராக்களிலிருந்து வந்தது. கேனான் இஎஃப் கேமராவில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது, கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் 11 மி.மீ. டி-ரிங் வளையம் சேர்த்தால் 55. நிக்கான் எஃப் வகையில் 46.5, அதற்கு 8.5 மி.மீ. வளையம். எஸ்எல்ஆர் வைத்திருப்பவர் டி-ரிங்கை மாட்டினாலே தூரம் சரியாகிவிடும். தனி வானியல் கேமரா என்றால் இடைவளையங்களைக் கூட்டிக் கழித்து 55க்குக் கொண்டுவர வேண்டும். இடையில் ஃபில்டர் வைத்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்: 2 மி.மீ. கண்ணாடிக்கு ஏறக்குறைய 0.7 மி.மீ. நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் ஒரே மாதிரி நீண்டால் தூரம் தவறு. ஒரு மூலையில் மட்டும் நீண்டால் கேமரா சாய்ந்திருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வளையம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய பேர்.

கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கி அதே விலைக்கு அதிக விட்டம் தரும். ஆனால் ஓர நட்சத்திரங்களுக்கு வால் முளைப்பதைத் திருத்தும் கோமா கரெக்டர் வேண்டும், ஒவ்வோர் இரவும் கண்ணாடிகளைச் சீரமைக்க வேண்டும், நீளக் குழாய் காற்றைப் பிடிக்கும். கண்ணாடியும் லென்ஸும் சேர்ந்த 8 அங்குல ஷ்மிட் கேஸகிரேன் கையடக்கமாகத் தெரிந்தாலும் 2032 மி.மீ. குவியத் தூரம் கொண்டது. அதில் 3.76 மைக்ரான் பிக்சல் 0.38 விகலையைப் பார்க்கும். வளிமண்டலத்தின் நடுக்கமே நட்சத்திரத்தை இரண்டு மூன்று விகலைக்குப் பரப்பிவிடும்போது அவ்வளவு நுணுக்கம் கிடைக்கப்போவதில்லை. மவுண்ட்டின் மீதான கெடுபிடி மட்டும் ஐந்து மடங்காகும். கோள்களுக்கு அது அருமையான கருவி, நெபுலாவுக்கு முதல் கருவி அல்ல.

குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் குவிய விகிதத்தை (எஃப் எண்) பொறுத்தவரை ஒன்று போதும்: ஒரே கேமராவில் எஃப் 5 கருவி ஒரு மணியில் சேர்க்கும் ஒளியை எஃப் 10 கருவி சேர்க்க நான்கு மணி ஆகும்.

கேமராவும் சிவப்பு ஒளியும்

கையில் இருக்கும் எஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவே தொடங்கப் போதுமானது. ஆனால் அதில் ஒரு தடை உண்டு. நெபுலாக்களின் சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்ஃபா என்னும் 656.3 நானோமீட்டர் ஒளி. தோல் நிறமும் துணி நிறமும் இயல்பாகத் தெரிவதற்காகக் கேமராவின் உள் ஃபில்டர் அந்தப் பகுதியைப் பெருமளவு வெட்டிவிடுகிறது. நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் சென்சாரை எட்டும். ஆண்ட்ரோமீடாவும் கார்த்திகையும் இதனால் பாதிக்கப்படுவதில்லை, அங்கே ஒளி நட்சத்திரங்களுடையது. வட அமெரிக்கா நெபுலாவும் ரோஸெட்டும்தான் வெளிறிப்போகும். உள் ஃபில்டரை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். கேனான் 60டிஏ, நிக்கான் டி810ஏ போன்றவை தொழிற்சாலையிலேயே இதற்காக மாற்றி வெளியிடப்பட்டவை.

தனி வானியல் கேமராவின் பெரிய நன்மை குளிரூட்டல். சென்சாரில் வெப்பத்தால் பிறக்கும் இரைச்சல் ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிப்பாகிறது. பெரும்பாலான கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை குளிரவைக்கும். வெளியே 30 டிகிரி என்றால் மைனஸ் 10 எட்டாது. எட்ட முயன்று குளிரூட்டி முழு மூச்சில் ஓடும், வெப்பநிலை நிலைக்காது. பூச்சியம் என்று வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் அதிலேயே இருப்பது நல்லது. இன்றைய சென்சார்களில் பூச்சியத்துக்கும் மைனஸ் 10க்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்தில் தேடத்தான் வேண்டும். வெப்பநிலை மாறாமல் இருந்தால் இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு ஒருமுறை எடுத்த டார்க் படங்களை மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். குளிரூட்டலின் உண்மையான பயன் அதுதான். சோனி ஐஎம்எக்ஸ் 533, ஐஎம்எக்ஸ் 571 ஆகிய இரு சென்சார்களைக் கொண்ட கேமராக்களைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. இரண்டுக்கும் பிக்சல் அளவு ஒன்றே. 533 சிறிய சதுரம், 571 ஏபிஎஸ்-சி அளவு.

வண்ணக் கேமராவா, கறுப்பு வெள்ளையா? வண்ண சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பு. ஹைட்ரஜன் ஒளியை அந்த ஒன்றுதான் பிடிக்கும். கறுப்பு வெள்ளையில் எல்லாப் பிக்சலும் பிடிக்கும், ஆனால் ஃபில்டர் சக்கரம் வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மணி நேரங்கள் வேண்டும். மேகம் வந்து இரவு பாதியில் நின்றால் நீலம் மட்டும் இல்லாத படம் மிஞ்சும். முதல் கேமரா வண்ணமாக இருக்கட்டும்.

வண்ணக் கேமராவுக்கு நகர வானில் பெருந்துணை, இரட்டை அலை ஃபில்டர். ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் ஒளியையும் மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். பழைய சோடியம் தெருவிளக்குகள் 589 நானோமீட்டரை ஒட்டியே ஒளிவிட்டன. அந்தக் காலத்து ஒளிமாசு ஃபில்டர்கள் அதைக் குறிவைத்தன. எல்இடி விளக்கு எல்லா நிறத்திலும் பரவுவதால் அவை இப்போது பெரிதாக உதவுவதில்லை. ஒளிவிடும் நெபுலாவுக்கு மட்டுமே இரட்டை அலை ஃபில்டர் பலன் தரும். கேலக்ஸிக்குப் போட்டால் வேண்டிய ஒளியையும் சேர்த்தே வெட்டும். அதற்கு இருண்ட இடத்தைத் தவிர வேறு மருந்தில்லை.

படத்தைக் கெடுக்கும் சிறு விஷயங்கள்

ஃபோகஸ் முதலில். தொலைநோக்கியின் முன்னால் பாஹ்டினோவ் மாஸ்க் என்ற கீற்றுத் தகட்டை வைத்துப் பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்தால் மூன்று கதிர்கள் தெரியும். நடுக் கதிர் மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் வரும்வரை திருக வேண்டும். எஃப் 5 கருவியில் ஃபோகஸ் தாங்கும் இடைவெளி சுமார் 60 மைக்ரான்தான். அரை மீட்டர் அலுமினியக் குழாய் 5 டிகிரி குளிர்ந்தால் அதே அளவு சுருங்கிவிடும். மாலையில் ஃபோகஸ் செய்துவிட்டு விடியும்வரை தொடாமல் விட்டால் பின்னிரவுப் படங்கள் மெல்லப் பருத்திருக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள், அல்லது மின் ஃபோகஸர் மாட்டி மென்பொருளிடம் விடுங்கள்.

அடுத்தது பனி. திறந்த வானை நோக்கிய கண்ணாடி காற்றைவிடக் குளிர்ந்து ஈரத்தை இழுக்கும். நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வரத் தொடங்கினால் கண்ணாடி ஏற்கெனவே நனைந்துவிட்டது. லென்ஸைச் சுற்றும் சூட்டுப் பட்டையைத் தொடக்கத்திலிருந்தே போட்டுவிட வேண்டும். கைடு ஸ்கோப்புக்கும் ஒன்று.

மின்சாரம்: குளிரூட்டி, மவுண்ட், சூட்டுப் பட்டை, சிறு கணினி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் 4 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 24 முதல் 36 ஆம்பியர் மணி. ஆகவே 50 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பொருத்தம். கார் சிகரெட் பிளக் வகை இணைப்பைத் தவிர்த்துவிடுங்கள். மவுண்ட் திரும்பும்போது அது கழன்று எல்லாம் ஒரே நேரத்தில் அணையும். இலக்கு நடுவானைக் கடக்கும்போது, எதிர் எடையோடு வரும் ஜெர்மன் வகை மவுண்ட் மறுபக்கம் புரளும். அந்த நேரத்தில்தான் கேபிள்கள் சிக்கும். படமெடுக்கும் முன் கையால் எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்ப்பது அவசியம்.

எடுத்தபின் வேலை கணினியில். சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் இரண்டும் இலவசம். படங்களை அடுக்கினால் இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படிதான் குறையும்: ஒரு மணிப் படத்தை இருமடங்கு சுத்தமாக்க நான்கு மணி வேண்டும். டார்க், ஃபிளாட் ஒவ்வொன்றிலும் 20, 30 எடுத்துவையுங்கள். ஃபிளாட் என்பது சீரான வெளிச்சத்தை எடுத்த படம். மூலை இருட்டையும் தூசி வளையங்களையும் அதுதான் நீக்கும். கேமராவைக் கழற்றித் திருப்பிவிட்டு எடுத்த ஃபிளாட் பயனற்றது, தூசி வேறிடத்துக்குப் போயிருக்கும். சில படங்களுக்கு ஒருமுறை மவுண்ட்டைச் சில பிக்சல் தள்ளிவைக்கும் டித்தரிங்கையும் கைடிங் மென்பொருளில் இயக்கிவிட்டால், சென்சாரின் நிலையான கறைகள் அடுக்கும்போது கரைந்துவிடும்.

கோள்களுக்கு இதில் பாதி பொருந்தாது. வியாழன் பிரகாசமானது, அங்கே நீண்ட எக்ஸ்போஷர் இல்லை. வேகமான சிறு கேமராவில் ஆயிரக்கணக்கான சட்டங்களை வீடியோவாக எடுத்து, நடுக்கம் குறைந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குவார்கள். வியாழன் 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் ஒரு வீடியோ இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் முகம் கலங்கும். அங்கே பெரிய விட்டம்தான் ராஜா. சூரியனை நோக்கினால் மட்டும், தொலைநோக்கியின் முன்வாயில் சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடியும் கூடாது. கைடு ஸ்கோப்பை மூடியே வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஸ்மார்ட் தொலைநோக்கிகளும் வந்துவிட்டன. 2023இல் வெளியான சீஸ்டார் எஸ் 50, 50 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. குவியத் தூரமும் கொண்டது. தானே நட்சத்திரம் தேடி, ஃபோகஸ் செய்து, பத்து நொடிப் படங்களை அடுக்கிக் கைபேசியில் காட்டிவிடும். சென்சார் சிறியது, பெரிதாக வளர்க்க இடமில்லை. இருந்தாலும் வானத்தில் எது எங்கே இருக்கிறது, தனக்கு இதில் பொறுமை இருக்கிறதா என்று அறிய அது நேர்மையான வழி.

தனித்தனியாகச் சேர்க்க நினைத்தால் இருக்கும் கேமரா, 135 மி.மீ. லென்ஸ், நல்ல டிராக்கர் ஆகிய மூன்றோடு தொடங்குங்கள். லென்ஸை எஃப் 2.8 அல்லது 4க்கு மூடி, ஒரே இலக்கை 30, 60, 120 நொடிகளில் இருபது இருபது படங்கள் எடுத்துக் கணினியில் முழு அளவில் பாருங்கள். எந்த நேரத்தில் இருபதில் பதினைந்துக்குக் குறைவாக வட்ட நட்சத்திரங்கள் வருகின்றனவோ அதுதான் உங்கள் மவுண்ட்டின் எல்லை. விலகல் எல்லாப் படத்திலும் ஒரே அளவு, ஒரே திசை என்றால் போலார் அலைன்மென்ட்டைத் திருத்துங்கள். சில படங்களில் அதிகமாகவும் சிலவற்றில் இல்லாமலும் மாறி மாறி வந்தால் பற்பிழை; அடுத்து வாங்க வேண்டியது கைடு ஸ்கோப்பும் கைடு கேமராவும்.